டாங்க் அளவு

ராயப்பா,

வருகிற ஞாயிறு பூசையில் உனக்கும் பிலோமினாவுக்கும் மூன்றாவது கலியாண ஓலை வாசிப்பார்கள். அதற்கு முன் நீ இதைப் படித்து முடித்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பா எதற்காகக் கடிதம் எழுதி மேஜை மேல் வைத்திருக்கிறார் என்று உனக்குத் தோன்றும். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சைத் திருப்பி, குற்றத்தை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவேன். இருபத்தாறு வருஷமாக உன் அம்மாவிடம் அதைத்தான் செய்துவருகிறேன். காகிதத்தில் அப்படிச் செய்தால் அடித்துத் திருத்திய இடம் தெரியும். இது நீ மட்டும் படிப்பதற்கான கடிதமும் அல்ல. யாரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சென்ற ஞாயிறு இரண்டாவது ஓலை வாசித்தபோது நீ பாடகர்களோடு மேலே நின்றிருந்தாய். நான் தூணை ஒட்டி நின்றிருந்தேன். “இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர்கள்” என்று சாமியார் வாசித்தார். ஆண்கள் பக்கம் நாலாவது வரிசையில் உன் மாமனாராகப் போகிற சவரிமுத்து மேஸ்திரி மண்டியிட்டிருந்தார். அவருடைய பங்குக் கோவில் சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கிறது. அங்கேயும் அன்று இதே ஓலையை வாசித்திருப்பார்கள். சொந்தப் பங்கை விட்டுவிட்டு அவர் ஏன் மயிலாப்பூருக்கு வந்தார்? சரியாக அந்த வாக்கியத்தின்போது ஏன் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்? கழுத்துச் சுளுக்காகக்கூட இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. வீட்டில் இதுவரை அவரை ‘அவன்’ என்றே சொல்லிவந்தேன். சம்பந்தி ஆகப்போகிறவர் என்பதால் இந்தக் கடிதத்தில் ‘அவர்’ என்று எழுதிப் பழகுகிறேன்.

யுத்தத்தின்போது நானும் அவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம் என்பது உனக்குத் தெரியும். அது எப்படி முடிந்தது என்பது தெரியாது. நீ அப்போது திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாய். ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடியதே, அதற்கு அடுத்த வருஷம். பள்ளிக்கூடத்தில் தலைமை டிராயிங் மாஸ்டர் இடம் காலியாயிற்று. என்னைவிட எட்டு வயது இளையவனுக்கு அதைக் கொடுத்தார்கள். அவனுக்கு நேர்க்கோடு போட ரூலர் வேண்டும். ஆனால் அவன் தலைமையாசிரியர் மனைவிக்கு ஊர்க்காரன். நான் அதை மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. அந்தக் கோபத்தில் இருந்த நாளில்தான் அடையாற்றுப் பக்கம் ஒரு பங்களாவில் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த காப்டன் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தூரத்தில் ஒரு டாங்க் வந்தால் அது நம்முடையதா, எதிரியுடையதா என்று சிப்பாய் உடனே சொல்ல வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கக் கையகல மாதிரிகள் வேண்டும். நிஜ டாங்க்கில் ஓர் அடி, மாதிரியில் கால் அங்குலம்.

மரத்தில் உடலைச் செய்தவர் சவரிமுத்து. அப்போது அவர் பட்டறை மந்தைவெளியில் இருந்தது. உடலின்மேல் பொருத்துகிற சின்னப் பாகங்கள் என் பொறுப்பு: பீரங்கிக் கூண்டின் மூடி, முன்விளக்கு, புகைக்குழாய், இழுவைக் கொக்கி, பக்கவாட்டில் கட்டியிருக்கும் மண்வெட்டி. ஒவ்வொரு ரகத்துக்கும் இவை மாறும். ஒன்றில் மூடி இரண்டாகப் பிளந்து திறக்கும், இன்னொன்றில் முழுசாகச் சாயும். மாக்கல்லில் ஊசியால் அச்சுக் குடைந்து, அச்சாபீஸில் கழித்துப்போட்ட ஈய எழுத்துகளை உருக்கி ஊற்றுவேன். மூடியின் கீலுக்குக் குண்டூசி. பீரங்கிக் குழலுக்குக் குடைக் கம்பி. விளக்குக்கு உன் அம்மாவின் ரவிக்கைப் பொத்தான். “வீட்டுல ஒரு ரவிக்கைக்கும் பொத்தான் இல்ல. சண்டை பர்மாவுல நடக்குதா, என் பொட்டியில நடக்குதா?” என்று கேட்பாள். கடுகளவு கொக்கி அச்சிலிருந்து பிசிறில்லாமல் விழும்போது எனக்கு இருந்த சந்தோஷம் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வருஷம் நான் நன்றாகத் தூங்கினேன்.

காப்டன் கொடுத்ததெல்லாம் ரகத்துக்கு மூன்று போட்டோ. பாகங்களின் உயரம் அதில் தெரியாது. நான் நிழலை அளந்து உயரத்தைக் கண்டுபிடிப்பேன். இரும்பில் புடைத்திருப்பது என்ன, பள்ளமாக இருப்பது என்ன என்று நிழலிலிருந்தே சொல்லிவிடுவேன். அதில் எனக்குப் பெரிய கர்வம். எதிரி டாங்க் ஒன்றின் பின்புறப் போட்டோவில் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு உருவம் இருந்தது. அதை அளந்து, வரைந்து, பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

“இது இன்னா மாஸ்டர், வாளி மாதிரி கீது?” என்றார் சவரிமுத்து.

“பீரங்கி வண்டியில வாளி எதுக்குய்யா? எண்ணெய்ப் பெட்டி.”

“கைப்புடி தெரியுதே. எவனோ துணி தோச்சிட்டு மாட்டி வச்சிக்கிறான்.”

“நீ மரத்தைப் பாரு. இரும்பை நான் பார்த்துக்கறேன்.”

பன்னிரண்டு எண்ணெய்ப் பெட்டி வார்த்து, பன்னிரண்டு டாங்க்கிலும் ஒட்டிக் கொண்டுபோனோம். காப்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கழற்றிவிட்டுச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். எதிரியை அவன் வாளியை வைத்தா அடையாளம் கண்டுபிடிப்பது என்று கேட்டார். அவர் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன், வெள்ளைக்காரன் சிரிப்பது நமக்குப் பழக்கம். ஆனால் திரும்பிப் பார்த்தபோது சவரிமுத்து துண்டால் வாயை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அன்றிலிருந்துதான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனிக்க ஆரம்பித்தால் எல்லாமே தெரியும், ராயப்பா. சாயங்காலம் நாலு மணிக்கே பட்டறையைப் பூட்டினார். நான் உள்ளே நுழைந்தால் ஒரு காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினார். எங்கே போனீர் என்று கேட்டால் “மரம் பாக்க” என்றார். மரம் மட்டும் வரவில்லை. ஒருநாள் காலை அவர் மனைவி அருளம்மா கூடையில் மர உடல்களைக் கொண்டுவந்தாள். ஒன்றோடொன்று உரசாமல் இருக்க இடையில் காகிதம் சுருட்டித் திணிப்பது அவள் வழக்கம். அன்று கைக்குக் கிடைத்த காகிதங்களில் ஒன்று அவளுக்கே அவர் எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டு. அவள் போன பிறகு பிரித்தேன். “டாங்க் அளவு எடுத்து அய்யர் கையில் கொடுத்தாச்சு. பாக்கி அளவு நாளைச் சாயங்காலம் கொடுக்கணும். மாஸ்டருக்குத் தெரியவே கூடாது. கேட்டா மரம் வாங்கப் போயிருக்கேன்னு சொல்லு.”

மறுநாள் சாயங்காலம் மந்தைவெளியிலிருந்து அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் நேராகக் கபாலீசுவரர் கோவில் குளத்துக்கு வந்து வடக்குப் படியில் இறங்கினார். குடுமி வைத்த ஒருவர் காத்திருந்தார். சுருட்டிய காகிதம் கை மாறியது. காற்றில் ஒரே ஒரு பேச்சுதான் என் காதில் விழுந்தது.

“நாலு பக்கமும் சரியா எடுத்துண்டு வந்தீரா, மேஸ்திரி?”

“எடுத்துகினேன் சாமி. அரை அங்குலம் பிசகாது.”

டிராமில் வருகிறவர்கள் குளத்தை இங்கிலீஷில் ‘டாங்க்’ என்று சொல்லித்தான் அந்த இடத்தில் இறங்குவார்கள். நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அந்த டாங்க்கின் கரையில் நின்றுகொண்டு டாங்க் அளவு கைமாறுவதைப் பார்த்தேன். எனக்கு இரும்பு வண்டிதான் தெரிந்தது. கண்ணெதிரே தண்ணீர் இருந்தது, அது தெரியவில்லை.

அன்று இரவே காப்டனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடது கையால், ஆங்கிலத்தில், பெரிய எழுத்துகளில் எழுதினேன். மந்தைவெளித் தச்சன் டாங்க் அளவுகளை வெளியாளுக்குக் கொடுக்கிறான், சீட்டு இதோ என்று எழுதி, சீட்டையும் உள்ளே வைத்தேன். எப்படிப்பட்ட அளவுகள் வெளியே போகின்றன என்று புரியவேண்டும் என்பதற்காகப் புகைக்குழாயின் படத்தையும் ஓரத்தில் வரைந்தேன். கையெழுத்துப் போடவில்லை. தேசத்துக்கு, ராஜாங்கத்துக்கு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாளிக்கு அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் எழுதியிருப்பேனா? இந்தக் கேள்வியை ஐந்து வருஷமாக ஒத்திப்போட்டிருக்கிறேன். எழுதியிருக்க மாட்டேன். அவரிடமே போய், “இது என்னய்யா சீட்டு?” என்று கேட்டிருப்பேன்.

போலீஸ் அவரைப் பட்டறையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். மாதிரி செய்யும் வேலையையே காப்டன் நிறுத்திவிட்டார். என் கொக்கிகளும் மூடிகளும் அத்தோடு சரி. குளக்கரையில் பார்த்த அந்த மனிதர் போய்ச் சாட்சி சொன்ன பிறகுதான் விட்டார்கள். அடுத்த வாரம், இந்துக் கோவில் ஆளோடு அவருக்கு என்ன வேலை என்று கேட்கப் பங்குச் சாமியார் சவரிமுத்துவை விசாரணைக்குக் கூப்பிட்டார். நான் பங்குச் சபைக் காரியதரிசி. மேஜையில் உட்கார்ந்து நடப்பதை எழுத வேண்டியவன் நான்தான்.

“தெப்பத்துக்கு அடிப்பலகை மாத்தணும்னு கூப்ட்டாங்கோ, சாமி. போய் அளவு எடுத்தேன். டாங்க் வேலையை டாங்க் வேலைன்னுதானே எழுதுவாங்கோ? வேற இன்னான்னு எழுதறது?”

நாற்காலியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சாமியாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அதை ஏன் மறைச்சீர்?” என்று கேட்டார்.

“சாமியாருக்குப் பயந்து இல்ல. மாஸ்டர் கீறாரே. நாகசுரக்காரரை இன்னா பண்ணாருன்னு எனக்குத் தெரியாதா?”

மறுபடியும் சிரிப்பு. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நம் பங்கு நாகசுரக்காரர் ஒருவர் இந்துக் கோவில் ஊர்வலத்தில் வாசித்தார் என்று நான் எழுதிக்கொடுத்து, சபையிலிருந்து அவர் பெயரை எடுக்க வைத்திருந்தேன். இதைச் சொல்லும்போது சவரிமுத்து என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். அப்போது அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை. ‘தெப்ப வேலை’ என்று எழுதினேன். எழுதும்போதுதான் நான் சீட்டில் படித்த டாங்க் அந்தக் குளம் என்று எனக்கு உறைத்தது. அந்த அறையிலேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். நான் நோட்டை மூடி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

சாமியார் புத்திமதி சொல்லி விட்டுவிட்டார். ஆனால் போலீஸ் கூட்டிக்கொண்டு போன தச்சனுக்கு மந்தைவெளியில் யார் வேலை கொடுப்பார்கள்? பட்டறையை விற்றுவிட்டுச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்ப் பெட்டி அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பிலோமினாவைக் கன்னியர் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். போன மாதம் நீ உன் அம்மாவிடம், அவள் எட்டாவதோடு படிப்பை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் காரணமாம் என்று வருத்தப்பட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாய். பக்கத்து அறையில் நான் செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கஷ்டம் இந்த வீட்டிலிருந்து தபாலில் போனது.

இனி நீயும் கூட இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட அன்று, கலியாணத்துக்குத் தான் செய்யப்போகிற அலமாரிக்கு நீ வரைந்து கொடுத்த படத்தை அவர் விரித்தார். படத்தில் அளவு குறிக்க இரண்டு முனையிலும் அம்பு போடுவோம் அல்லவா? எல்லோரும் போடுகிற மாதிரி நான் போடுவதில்லை. ஒல்லியாக இழுத்து, பின்னால் மீன் வால் போல ஒரு சின்னப் பிளவு வைப்பேன். சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து நீயும் அப்படியே பழகிவிட்டாய். அவர் விரலால் அதைத் தடவிப் பார்த்துச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்.

“மாப்ளே அப்பா மாதிரியே அம்பு போட்டுக்கிறாரு. இந்த அம்பை எங்க பாத்தாலும் நான் சொல்லிடுவேன் மாஸ்டர், யார் கைன்னு.”

நீ சிரித்தாய். பிலோமினா சிரித்தாள். எனக்குக் காப்பி மேலே சிந்தியது. எழுத்தை இடது கையால் எழுதிய நான், புகைக்குழாய்ப் படத்தை மட்டும் வலது கையால் வரைந்திருந்தேன். கோணல்மாணலாக வரைய எனக்கு மனம் வரவில்லை. அளவு குறித்து அம்பும் போட்டிருந்தேன். ஒரு வருஷம் என் படங்களைப் பார்த்தே மரம் இழைத்தவர் அவர். போலீஸ்காரர்கள் அந்தக் கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டாமலா இருந்திருப்பார்கள்? ஆகவே விசாரணைக்கு வருவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். பேனாவைப் பார்த்தபோதும் தெரியும். ஐந்து வருஷமாகத் தெரியும்.

தெரிந்தும் ஏன் பெண்ணைக் கொடுக்கிறார்? அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. மன்னித்துவிட்டாரா? மன்னித்தவர் அம்பைப் பற்றி ஏன் எல்லோர் முன்னாலும் பேசினார்? மூன்றாவது ஓலைவரை காத்திருந்து கோவிலில் எழுந்து சொல்லப்போகிறாரா? அல்லது ஆயுசு முழுக்க ஒவ்வொரு பண்டிகைக்கும் என் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று கணக்குப் போட்டாரா? நான் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். உன் அம்மாவிடம் பாதியைச் சொன்னேன். அம்பை மட்டும். “பால்காரன் தண்ணி கலக்கலன்னா, ஏன் கலக்கலன்னு சந்தேகப்படுற ஆளு நீங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மீதியை இனிமேல்தான் அவளிடம் சொல்ல வேண்டும்.

குடும்பம் நடத்தப் போகிற உனக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். யாரையும் நம்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. உன் ஆபீஸில் தோளில் கை போட்டுப் பேசுகிறவனிடம் எச்சரிக்கையாக இரு, படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. இவற்றை நான் வாபஸ் வாங்கப்போவதில்லை. ஆனால் வீட்டுக்குள்ளே ஒன்று. பிலோமினா உன்னிடம் ஏதாவது மறைப்பதாகத் தெரிந்தால், அது என்ன என்று தேடாதே. அவள் மறைக்கும்படி நீ முன்னால் என்ன செய்தாய் என்று தேடு. நாகசுரக்காரரை நான் விட்டுவைத்திருந்தால் அந்தச் சீட்டில் ‘மாஸ்டருக்குத் தெரியவே கூடாது’ என்ற வரி இருந்திருக்காது. அந்த வரி இல்லாவிட்டால் அது வெறும் தெப்பக் கணக்கு.

இனி நீ செய்ய வேண்டியது. சனிக்கிழமை சாயங்காலம் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போ. அலமாரி பார்க்க வந்தேன் என்று சொல்லாதே, அப்பா எழுதியதைப் படிக்க வந்தேன் என்றே சொல். அருளம்மாவும் பிலோமினாவும் உட்காரட்டும். முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி. ‘அவன் என்றே சொல்லிவந்தேன்’ என்ற இடத்தை விட்டுவிடாதே. நான் சந்தேகப்பட்டு எழுதியிருக்கும் கேள்விகளையும் விடாதே, அவையும் நான்தான். நான் கூட வருவதுதான் முறை. வந்தால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன் என்று முதலிலேயே சொன்னேன். சாமியார் கேட்கிற தடை நான்தான் என்று அவர்கள் நினைத்தால், அதை வெளிப்படுத்தும் உரிமை அவர்களுடையது. பிலோமினா வேண்டாம் என்று சொன்னால் அவளோடு வாதாடாதே. எழுந்து வா. வந்து என்மேல் கோபப்படு, அது நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கமான தூணருகே நிற்பேன். உங்கள் பெயர்கள் வாசிக்கப்படுகின்றனவா என்பதைக் கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொள்வேன். அது எனக்குப் போதும். அன்றைய கடிதத்தில் கையெழுத்து இல்லை. இதில் போட்டிருக்கிறேன், வலது கையால். அதன் கீழே ஓர் அம்பும் வரைந்திருக்கிறேன். இன்னும் சந்தேகம் இருந்தால் அவர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

நீ படிக்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது, எந்த வரியில் தலையைக் குனிந்தார், சிரித்தாரா என்று என்னிடம் வந்து சொல்லாதே. நானே கேட்பேன். கெஞ்சினாலும் சொல்லாதே. சொன்னால் அந்த நிழலையும் அளக்க உட்கார்ந்துவிடுவேன்.

அப்பா